58 வயதாகிவிட்டது என்று டர்னரை அனுப்பும் முன்: சிறு தொழிற்சாலைகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கோவை கணபதியிலோ சென்னை அம்பத்தூர் எஸ்டேட்டிலோ ஓசூரிலோ முப்பது நாற்பது பேரை வைத்து ஒரு எஞ்சினியரிங் யூனிட் நடத்துகிறீர்களா? உங்கள் ஆள் பதிவேட்டை எடுத்து, பிறந்த தேதி இருக்கும் பத்தியை மட்டும் மேலிருந்து கீழே ஒருமுறை படித்துப் பாருங்கள். 1967, 1968, 1970 என்று வரிசையாக வரும். லேத் என்ற கடைசல் மெஷினில் நிற்கும் டர்னர், வார்ப்புக்கு மண் அச்சு அடிக்கும் மோல்டர், அந்த அச்சுக்கு மாதிரி வடிவம் (பேட்டர்ன்) செய்பவர், மோட்டார் வைண்டிங் பெண்கள் என்று வேலை தெரிந்த பாதிப் பேர் அந்த வயதில்தான் இருப்பார்கள். அடுத்த மூன்று நான்கு வருடத்தில் ஒருவர் பின் ஒருவராக மாலை போட்டு, ஸ்வீட் பாக்ஸ் கொடுத்து அனுப்பி விடுவீர்கள். அடுத்த மாதமே ரிஜெக்ஷன், அதாவது தரம் சரியில்லை என்று தள்ளப்படும் பீஸ்கள், ஏறும், ஏன் ஏறுகிறது என்று யாருக்கும் தெரியாது.

இதைத் தடுக்க என்ன செய்ய வேண்டும் என்பதைப் படிப்படியாக எழுதுகிறேன். சிறு யூனிட்டுகளுக்கு பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி), ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) வேலையும் ஆள் நிர்வாகமும் பார்க்கிறவன் நான். பெரிய கம்பெனிகளுக்கு இதற்கென்று தனித் துறையே உண்டு, நமக்கு அந்த வசதி கிடையாது. அதனால் ஒரு முதலாளி, ஒரு சூப்பர்வைசர், ஒரு கணக்கர் மூன்று பேர் சேர்ந்து செய்யக்கூடிய அளவில்தான் எல்லாவற்றையும் சொல்கிறேன்.

முதலில் நிலவரம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 60 வயதைத் தாண்டியவர்கள் 10.4 சதவீதம். 2021-க்கு ஒன்றிய அரசின் மதிப்பீடு 13.6. 2031-இல் 18.2 ஆகும் என்கிறது அதே மதிப்பீடு. ஒரு பெண்ணுக்குச் சராசரியாகப் பிறக்கும் குழந்தைகளின் எண்ணிக்கை 2019-21 தேசியக் குடும்பநல ஆய்விலேயே 1.8-க்கு இறங்கி விட்டது. ஐ.டி.ஐ. முடித்த உள்ளூர்ப் பையன் லேத்தில் எட்டு மணி நேரம் நிற்க வருவதில்லை என்ற புலம்பலை எந்த யூனிட்டுக்குப் போனாலும் கேட்கலாம். அவனுக்கு ஒதுக்கப்படும் சம்பளத்தைப் பார்த்தால் அவன் முடிவில் தப்பும் சொல்ல முடியாது. ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் ஆட்கள் வருகிறார்கள், உழைக்கிறார்கள், ஆனால் பலரும் இரண்டு வருடத்தில் ஊருக்கோ வேறு கம்பெனிக்கோ போய்விடுகிறார்கள். மாநில அரசே தன் ஊழியர்களின் ஓய்வு வயதை 2020-இல் 58-லிருந்து 59 ஆகவும், 2021-இல் 60 ஆகவும் உயர்த்திவிட்டது. தனியார் பட்டறைகள்தான் இன்னும் 58-ஐப் பிடித்துக்கொண்டிருக்கின்றன.

படி 1: யார் போனால் எது நிற்கும்?

ஒரு தாள் எடுங்கள். 53 வயதைத் தாண்டிய எல்லோருடைய பெயரையும் எழுதுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரே கேள்வி: இவர் பத்து நாள் லீவு போட்டால் எந்த வேலை நிற்கும்?

இதற்கான பதில் முதலாளிக்குத் தெரியாது. சூப்பர்வைசருக்குப் பாதி தெரியும். பக்கத்து மெஷினில் நிற்பவருக்கு முழுசாகத் தெரியும், அவரைக் கேளுங்கள். "அந்த நீள ஷாஃப்ட் ஜாப் வந்தா அவர் வர்ற வரைக்கும் அப்படியே ஓரமா வெச்சிருவோம்" என்று சர்வ சாதாரணமாகச் சொல்வார்கள். அதுதான் உங்களுக்கு வேண்டிய தகவல்.

ஹெல்பர் என்று பதிவேட்டில் எழுதியிருக்கும் பெண்களை இந்தப் பட்டியலில் விட்டுவிடாதீர்கள். பம்ப்செட் மோட்டாருக்குச் சுருள் சுற்றும் பெண்களில் பலர் இருபது வருடமாக அதே பெஞ்சில் இருப்பார்கள். ஸ்லாட்டுக்குள் கம்பியை அழுத்தும்போது மேல் பூச்சு உரசினால் அவர்களின் விரலுக்கு உடனே தெரியும். அது தெரியாமல் சுற்றிய மோட்டார் டெஸ்டிங்கில் தப்பி, கஸ்டமரின் கிணற்றில் போய் எரியும். இத்தனை தெரிந்தவரை 'ஹெல்பர்' என்று எழுதி, சம்பளமும் அதற்கேற்பக் கொடுத்துக்கொண்டிருந்தால், முதல் வேலையாக அந்தப் பதவிப் பெயரை மாற்றுங்கள், சம்பளத்தையும்.

படி 2: 55-லேயே பேசுங்கள்

பெரும்பாலான இடங்களில் இந்தப் பேச்சு கடைசி மாதத்தில்தான் நடக்கிறது. அதற்குள் அவர் வேறு யூனிட்டில் சொல்லி வைத்திருப்பார், அல்லது மனசு விட்டுப் போயிருக்கும். மூன்று வருடம் முன்பே உட்கார்ந்து பேசினால் இரண்டு பக்கமும் திட்டமிட நேரம் இருக்கிறது.

நின்றுகொண்டு, மெஷின் சத்தத்தில், "என்னண்ணா, ரிடையர் ஆகப் போறீங்களா?" என்று கேட்பது பேச்சு ஆகாது. ஆபீசில் உட்கார வைத்து, டீ வாங்கிக் கொடுத்து, நிதானமாகக் கேளுங்கள். வீட்டுக் கடன் இன்னும் எத்தனை வருடம்? பையன் படிப்பு முடிந்ததா? முட்டி வலி எப்படி இருக்கிறது? தொடர்ந்து வருவதாக இருந்தால் எத்தனை மணி நேரம் வசதி? சிலர் ஊரில் இருக்கும் கொஞ்ச நிலத்தைப் பார்க்கப் போக வேண்டும் என்பார்கள். அவர்களை வற்புறுத்த வேண்டாம். நாற்பது வருடம் நின்று வேலை பார்த்தவருக்கு ஓய்வு எடுக்கும் உரிமை உண்டு, அவர் நம் வசதிக்காக ஓடிக்கொண்டே இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. போவதற்கு முன் ஆறு மாதம் ஒரு பையனுக்குச் சொல்லித்தர முடியுமா என்று மட்டும் கேளுங்கள்.

இன்னொன்று. தொடர்ந்து வரச் சொன்னால் பலர் உடனே "சரிங்க" என்று தலையாட்டி விடுவார்கள், முதலாளி முகத்துக்கு நேரே மறுத்துப் பேசிப் பழக்கமில்லாததால். ஒரு வாரம் கழித்து, வீட்டில் பேசிவிட்டு வரச் சொல்லி, மறுபடி கேளுங்கள்.

படி 3: பழைய கணக்கை முழுசாக முடியுங்கள்

நான் அதிகம் கோபப்பட்ட இடம் இது. "அண்ணா தொடர்ந்துதானே வரப்போறாரு, கிராஜுவிட்டியை அப்புறம் மொத்தமாப் பார்த்துக்கலாம்" என்று பணிக்கொடையை இழுத்தடிக்கும் யூனிட்டுகள் நிறைய. அது அவருடைய பணம். 58-இல் ஓய்வு என்று உங்கள் நிலையாணையோ (கம்பெனியின் வேலை விதிகள்) நியமன உத்தரவோ சொன்னால் அந்தத் தேதியில் அது அவருக்குச் சேர வேண்டியது, 30 நாளுக்குள் கொடுத்தாக வேண்டும், தாமதித்தால் வட்டி உண்டு.

கணக்கு எளிது. கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து 20,800 ரூபாய், 24 வருட சர்வீஸ் என்று வைத்துக்கொள்வோம். 20,800-ஐ 26-ஆல் வகுத்தால் ஒரு நாளைக்கு 800. அதை 15-ஆல் பெருக்கினால் 12,000. அதை 24-ஆல் பெருக்கினால் 2,88,000 ரூபாய். மொத்த உச்சவரம்பு 20 லட்சம். 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின்படி, அலவன்ஸ்கள் மொத்தச் சம்பளத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதியையும் சம்பளமாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். ஆகவே அடிப்படைச் சம்பளத்தைக் குறைத்துக் காட்டி மிச்சத்தை அலவன்ஸாக எழுதி வைத்திருக்கும் யூனிட்டுகள் தங்கள் கணக்கை மறுபடி போட வேண்டியிருக்கும்.

பி.எஃப். விஷயத்தில் ஒரு குழப்பம் எப்போதும் வரும். 58 வயது முடிந்ததும் ஓய்வூதியத் திட்டத்துக்குப் போகும் 8.33 சதவீதம் நின்றுவிடும். அதன் பிறகு முதலாளி கட்டும் 12 சதவீதம் முழுவதும் பி.எஃப். கணக்குக்கே போகும். பல கணக்கர்கள் இதைக் கவனிக்காமல் பழைய மாதிரியே பிரித்துக் கட்டிவிடுகிறார்கள், பின்னால் பென்ஷன் வாங்கப் போகும்போது மனுவைத் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள், அவர் வயசான காலத்தில் பி.எஃப். ஆபீசுக்கு நடையாய் நடக்கிறார். 58-வது பிறந்தநாள் எந்த மாதம் என்று கேலண்டரில் குறித்து வையுங்கள்.

குறைந்தது பத்து வருட சர்வீஸ் இருந்தால் 58-இல் மாதப் பென்ஷன் உண்டு, படிவம் 10டி கொடுக்க வேண்டும். வேலையில் தொடர்கிறவர் பென்ஷனை 60 வரை தள்ளிப்போடலாம், தள்ளிப்போடும் ஒவ்வொரு வருடத்துக்கும் 4 சதவீதம் கூடும். சம்பளம் வந்துகொண்டிருக்கும் வீட்டில் இதை யோசிக்கலாம். உடம்பு முடியாதவருக்கு உடனே வாங்கிக்கொள்வதே நல்லது. முடிவை அவரிடமே விடுங்கள், ஆனால் இப்படி ஒரு வழி இருக்கிறது என்று சொல்ல வேண்டியது நம் கடமை.

ஈ.எஸ்.ஐ.க்கு மேல் வயது வரம்பு கிடையாது. மறுபடி வேலைக்கு எடுத்து, சம்பளம் 21,000-க்குள் இருந்தால் அவரைச் சேர்த்தே ஆக வேண்டும். வேலையை விட்டே போகிறவர் ஐந்து வருடம் ஈ.எஸ்.ஐ.யில் இருந்திருந்தால், வருடம் 120 ரூபாய் கட்டித் தானும் மனைவியும் மருத்துவம் பார்த்துக்கொள்ளலாம். இந்த ஒரு வரி தெரியாமல் தனியார் ஆஸ்பத்திரியில் ஆயிரக்கணக்கில் செலவழிக்கும் ஓய்வுபெற்ற தொழிலாளிகள் எத்தனையோ பேர்.

படி 4: மணி நேரத்தைக் குறையுங்கள், ரேட்டைக் குறைக்காதீர்கள்

மறுநியமனம் என்றாலே சம்பளத்தைப் பாதியாக்குவது ஒரு வழக்கமாகிவிட்டது. "வயசாயிடுச்சு, வேற எங்க போவார்?" என்ற கணக்கு. இதில் இரண்டு நஷ்டம் உண்டு. ஒன்று, ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் யூனிட் அவரை முழுச் சம்பளத்துக்குக் கூப்பிடும், நல்ல டர்னருக்கு இன்றைக்கும் அப்படித்தான் கிராக்கி. இன்னொன்று, அதே மெஷின், அதே ஜாப், நேற்றைய சம்பளத்தில் பாதி என்று கையில் வாங்கும் மனிதர் யாருக்கும் எதையும் மனசார சொல்லித்தர மாட்டார். நானாக இருந்தாலும் சொல்லித்தர மாட்டேன்.

அதனால் ஒரு மணி நேரத்துக்கான ரேட் அப்படியே இருக்கட்டும். நேரத்தை மட்டும் அவர் உடம்புக்கு ஏற்றபடி மாற்றுங்கள். வாரம் நான்கு நாள், அல்லது காலை எட்டிலிருந்து ஒரு மணி வரை, அல்லது இரவு ஷிப்ட் இல்லாமல் முழு வாரம். ஜப்பானில் கிஃபு மாகாணத்தின் நகட்சுகவா ஊரில் காட்டோ செய்சாகுஷோ என்ற தகட்டு உதிரிபாகக் கம்பெனி, 2001-இல் சனி ஞாயிறுகளில் மெஷின்கள் சும்மா கிடப்பதைப் பார்த்துவிட்டு, 60 வயதுக்கு மேற்பட்டவர்கள் மட்டும் வேண்டும் என்று விளம்பரம் கொடுத்தது. வார நாட்களில் வழக்கமான ஆட்கள், வாரக் கடைசியில் பெரியவர்கள் என்று ஓட்டம் நிற்காமல் போனது. அந்த நாட்டில் 65 வயது வரை வேலை தர வழி செய்வது சட்டப்படி முதலாளியின் பொறுப்பு. சிங்கப்பூரிலும் ஓய்வு வயது வந்த பிறகு, உடல்நலமும் வேலைத் திறனும் உள்ளவரை மறுநியமனம் செய்ய முன்வர வேண்டும் என்றே சட்டம் இருக்கிறது. நம் ஊரில் அப்படிச் சட்டம் இல்லை, எனவே எல்லாவற்றையும் கடிதத்தில் எழுதிக்கொள்வதுதான் பாதுகாப்பு.

கடிதம் ஒரு பக்கம் போதும், தமிழில் இருக்கட்டும். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, வாரம் எத்தனை நாள், என்ன ரேட், விடுப்பு எத்தனை, என்ன வேலை, யாருக்குச் சொல்லித்தர வேண்டும், சொல்லித்தரும் நேரத்துக்கும் சம்பளம் உண்டு. கடைசியில் சொன்னதை மறக்காமல் எழுதுங்கள். குறித்த கால ஒப்பந்தமாகப் போட்டால், புதிய சட்டப்படி ஒரு வருடம் முடிந்தாலே அந்தக் காலத்துக்கான கிராஜுவிட்டி தனியாகச் சேரும், அதையும் செலவில் வைத்துக்கொள்ளுங்கள். சம்பளம் ஈ.எஸ்.ஐ. வரம்பைத் தாண்டினால் விபத்துக் காப்பீடு எடுங்கள், எடுக்கும்போது பாலிசியில் வயது உச்சவரம்பு என்ன என்று படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

'ஆலோசகர்' என்று பட்டம் கொடுத்து ஒரு நாற்காலியில் உட்கார வைக்காதீர்கள். வேலை பார்த்த கைக்கு அது தண்டனை.

படி 5: இடத்தை மாற்றுங்கள்

ஜெர்மனியில் டிங்கோல்ஃபிங் ஊரிலுள்ள பி.எம்.டபிள்யூ. ஆலையில் 2007-இல் ஒரு சோதனை நடந்தது. பத்து வருடம் கழித்துத் தங்கள் தொழிலாளர்களின் சராசரி வயது 47 ஆகும் என்று கணக்கிட்டு, இப்போதே அந்தச் சராசரியோடு 42 பேரை ஒரு லைனில் போட்டார்கள். எதை மாற்றலாம் என்று அந்தத் தொழிலாளர்களையே கேட்டார்கள். மரத்தளம், உயரம் மாற்றக்கூடிய நாற்காலி, பூதக்கண்ணாடி, கம்ப்யூட்டர் திரையில் பெரிய எழுத்து என்று சுமார் 70 சின்னச் சின்ன மாற்றங்கள். மொத்தச் செலவு ஏறத்தாழ 40,000 யூரோ, அதிலும் பாதி தொழிலாளர்கள் கூடிப் பேசிய நேரத்துக்கான சம்பளம். ஒரு வருடத்தில் அந்த லைனின் உற்பத்தித் திறன் 7 சதவீதம் கூடியது. கார் கம்பெனிக்கு இது சில்லறைக் காசு என்பது இருக்கட்டும், நமக்கும் இதில் பெரும்பாலானவை கைக்கு எட்டும் செலவுதான்.

வெளிச்சத்திலிருந்து ஆரம்பியுங்கள். 60 வயதுக் கண்ணின் விழித்திரைக்குப் போய்ச் சேரும் ஒளி, 20 வயதுக் கண்ணுக்குப் போவதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. மைக்ரோமீட்டர் கோட்டை ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்க்கிறார் என்றால் அவருக்கு வயதாகிவிட்டது என்று முடிவு கட்டுவதை விட்டு, அந்த மெஷின் மேலே ஒரு எல்.இ.டி. விளக்கு போடுங்கள். பூதக்கண்ணாடி வைத்த மேசை விளக்கு ஒன்று இன்ஸ்பெக்ஷன் மேசையில் இருக்கட்டும். டிஜிட்டல் வெர்னியர் வாங்கிக் கொடுங்கள். டிராயிங்கை ஏ4-இல் சுருக்கி அச்செடுக்காமல் ஏ3-இல் எடுங்கள். இதெல்லாம் இளைஞருக்கும்தான் நல்லது.

அடுத்தது கால். சிமென்ட் தரையில் எட்டு மணி நேரம் நின்றால் யாருக்கும் முட்டி போகும். ரப்பர் மேட்டோ மரப்பலகையோ போடுங்கள், மெஷின் தானாக ஓடும் நேரத்தில் உட்கார ஒரு ஸ்டூல் வையுங்கள். உட்கார்ந்திருப்பவரைப் பார்த்து முகம் சுளிக்கும் சூப்பர்வைசர் இருந்தால் ஸ்டூல் வைத்தும் பிரயோஜனமில்லை, அவரிடம் முதலில் பேசுங்கள். லேத்தில் ஜாப்பைப் பிடிக்கும் சக், கனமான ஜாப் இரண்டையும் தூக்க ஒரு செயின் புல்லி கட்டாயம். கழிப்பறை பக்கத்தில் இருக்க வேண்டும், சுத்தமாகவும். சர்க்கரை உள்ளவர், பிராஸ்டேட் பிரச்சினை உள்ளவர் வெளியே சொல்ல மாட்டார், தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்வார். ஃபவுண்டரி என்ற வார்ப்பாலையின் சூட்டில் அது ஆபத்து. உலை பக்கம் இருப்பவருக்கு, அதிலும் பி.பி. மாத்திரை சாப்பிடுகிறவருக்கு, உருக்கி ஊற்றும் வேலையை வெயில் ஏறும் முன் காலையிலேயே முடிக்கும்படி வைப்பதும், அடிக்கடி நிழலில் உட்கார விடுவதும் அவசியம். புதிய சட்டத்தில் 40 வயதைத் தாண்டிய தொழிலாளர்களுக்கு வருடம் ஒருமுறை இலவச உடல் பரிசோதனை உண்டு. கண்ணும் காதும் அதில் சேரட்டும்.

படி 6: கையில் இருப்பதை இன்னொரு கைக்கு மாற்றுவது

இந்த வழிகாட்டியே இதற்காகத்தான். மற்றதெல்லாம் இதற்கு இடம் ஒதுக்கிக் கொடுக்கிற ஏற்பாடுகள்.

டர்னர் ஒரு நீள ஷாஃப்ட்டை (உருளைத் தண்டை) இரண்டு சென்டருக்கு, அதாவது இரு முனையிலும் தாங்கும் கூர்களுக்கு, நடுவில் பிடித்துக் கடைகிறார் என்று வையுங்கள். கடையக் கடைய ஷாஃப்ட் சூடாகி நீளும். நீள இடமில்லாமல், கடைசி முனையைத் தாங்கும் டெயில்ஸ்டாக் இறுகும், சத்தம் மாறும், ஷாஃப்ட் வில்லாக வளையப் பார்க்கும். பழைய டர்னர் அந்தச் சத்தம் மாறும்போதே, பேசிக்கொண்டிருப்பதை நிறுத்தாமல், டெயில்ஸ்டாக் வீலை ஒரு இம்மி தளர்த்திவிடுவார். அவரைக் கேட்டால், தளர்த்தியதே அவருக்கு ஞாபகம் இருக்காது. அதேபோல, கடைந்த சூட்டோடு பையன் மைக்ரோமீட்டரைப் போட்டு "அளவு சரியா இருக்கு" என்பான். 100 மில்லிமீட்டர் விட்டமுள்ள எஃகு 30 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 0.035 மில்லிமீட்டர் பெருத்துக் காட்டும். ஆறிய பிறகு பேரிங் லூஸாக உட்காரும். பெரியவர் சூடான ஜாப்பை அளக்கவே மாட்டார், ஓரமாக வைத்துவிட்டு அடுத்த ஜாப்பை ஏற்றுவார்.

மோல்டரைப் பாருங்கள். அச்சு மண்ணை ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பிடித்துக் கையைத் திறப்பார். விரல் ரேகை பதிந்து உருண்டை நிற்க வேண்டும். இரண்டாக உடைத்தால் விளிம்பு உதிராமல் சுத்தமாக உடைய வேண்டும். கையில் ஒட்டினால் ஈரம் அதிகம், வார்ப்பில் காற்றுக் குமிழ் வரும். உதிர்ந்தால் ஈரமோ களிமண்ணோ போதவில்லை, அச்சு இடியும். ஈரப்பதம் அளக்கும் கருவி லேபில் இருக்கிறது, அதன் ரிப்போர்ட் வருவதற்குள் அவர் பத்து அச்சுப் பெட்டி அடித்துவிடுவார்.

இதையெல்லாம் "எழுதிக் கொடுங்கண்ணா" என்று ஒரு நோட்டை நீட்டினால் இரண்டு பக்கம்கூட வராது. அவருக்கு என்ன தெரியும் என்பது வேலை தப்பாகப் போகும்போதுதான் வெளியே வரும். ஆகவே செய்ய வேண்டியது இதுதான்: பையன் மெஷினில் நிற்கட்டும், பெரியவர் பக்கத்தில் நிற்கட்டும், பெரியவர் மெஷினைத் தொடக் கூடாது. கஷ்டமாகத்தான் இருக்கும், கை துறுதுறுவென்று வரும். வாயால் மட்டும் சொல்ல வேண்டும்.

"தம்பி, நிறுத்து. சத்தம் கேட்டியா?"

"என்னண்ணா, ஓடிட்டுத்தானே இருக்கு?"

"ஓடுது. ஆனா அழுவுது பாரு. டூலு சென்டருக்குக் கீழ இறங்கியிருக்கும், ஏத்திப் பாரு."

இந்த மூன்று வரியைப் பக்கத்தில் ஒருவர் போனில் வீடியோ எடுத்தால், சத்தத்தோடு சேர்த்துப் பதிவாகும். எந்த நோட்டிலும் அது கிடைக்காது. வீடியோவை ஜாப் நம்பர் போட்டு ஒரு பழைய டேப்லெட்டில் சேர்த்து, அந்த மெஷின் பக்கத்திலேயே மாட்டி வையுங்கள். முதலாளியின் போனில் இருந்தால் யாருக்கும் உதவாது.

பயிற்சிக்கென்று ஸ்க்ராப் செலவு ஒன்றை ஒதுக்கிவிடுங்கள். மாதம் இத்தனை பீஸ் வீணாகலாம் என்று முதலிலேயே சொன்னால்தான் பெரியவர் பொறுமையாக விடுவார், இல்லாவிட்டால் "தள்ளு, நானே முடிச்சிடறேன்" என்று வாங்கிக்கொள்வார், அவர் மேல் குறை சொல்ல முடியாது. வீணான பீஸ்களை எல்லாம் எடைக்குப் போடாமல், ஒவ்வொரு வகைக்கும் ஒன்றை எடுத்து, என்ன தப்பு, ஏன் நடந்தது என்று சீட்டு ஒட்டி ஒரு அலமாரியில் வையுங்கள். புதிதாக வருகிறவனுக்கு அந்த அலமாரிதான் முதல் பாடம்.

பையன் ஒடிசாக்காரனாக இருந்தால் மொழி இடிக்கும் என்று பயப்படுவார்கள். நான் பார்த்தவரை அது அவ்வளவு பெரிய தடை இல்லை. ஆறு மாதத்தில் அவன் லேத் தமிழ் பேசுவான், இவர் நாலு வார்த்தை இந்தி பேசுவார், நடுவில் கை பேசும். உண்மையான தடை வேறு: இரண்டு வருடத்தில் போய்விடுவான் என்று தெரிந்தால் எந்தப் பெரியவரும் முழு மனசோடு சொல்லித்தர மாட்டார். அவன் தங்குவதற்கு நல்ல இடம், குடும்பத்தைக் கூட்டி வர வழி, வேலை கற்றதற்கேற்ற சம்பள உயர்வு இதெல்லாம் கொடுத்து அவனை நிற்க வைப்பது உங்கள் பொறுப்பு. ஒரே ஆளிடம் எல்லாவற்றையும் கொட்டாமல் இரண்டு பேருக்குச் சொல்லித்தரச் செய்யுங்கள்.

இன்னொரு பயமும் உண்டு, அதை வெளிப்படையாகப் பேசிவிடுவது நல்லது. "எல்லாம் சொல்லிக் கொடுத்துட்டா என்னை எதுக்கு வெச்சுக்குவாங்க?" நியாயமான பயம். பையன் கற்றுக்கொண்டுவிட்டான் என்பதற்காக ஒப்பந்தக் காலத்துக்கு முன் அனுப்ப மாட்டோம் என்று கடிதத்திலேயே எழுதுங்கள். ஒரு பையன் தனியாக ஒரு ஜாப்பை முடித்ததும், அவனுக்குச் சொல்லித்தந்தவருக்கு ஒரு தொகை கொடுங்கள். எல்லோருக்கும் முன்னால் கொடுங்கள்.

படி 7: அவரும் கற்றுக்கொள்ளட்டும்

கம்ப்யூட்டர் புரோகிராமில் ஓடும் சி.என்.சி. மெஷின் வந்ததும் பெரியவர்களைப் பழைய லேத்திலேயே விட்டுவிடுவது பொதுப் பழக்கம். அவர்களுக்கு ஏறாது என்று நாமே முடிவு செய்துவிடுகிறோம். எந்த மெட்டீரியலுக்கு என்ன வேகம், எந்த இன்சர்ட் (வெட்டும் முனை) எப்போது உடையும், ஜாப்பை எங்கே பிடித்தால் ஆடாது என்பதெல்லாம் ஏற்கெனவே அவருக்குத் தெரியும். தெரியாதது பட்டன்கள் மட்டும்தான். வகுப்பறையில் உட்கார வைத்து ப்ரொஜெக்டர் போட்டால் தூங்கிவிடுவார். அவர் ஆயிரம் முறை கடைந்த ஒரு புஷ்ஷை எடுத்து, அதற்கான புரோகிராமை ஒவ்வொரு வரியாகக் காட்டி, "நீங்க கையால செய்யறதைத்தான் இது சொல்லுதுண்ணா" என்று ஆரம்பித்தால் பிடித்துக்கொள்வார். சொல்லித்தருபவன் இளைஞனாக இருக்கட்டும். காலையில் இவர் குரு, மாலையில் அவன் குரு என்றால் இருவருக்கும் நடுவில் மரியாதை தானாக வரும்.

வயதானால் தப்பு அதிகமாகும் என்ற பேச்சுக்கும் ஒரு பதில் இருக்கிறது. ஜெர்மனியில் மெர்சிடிஸ் பென்ஸ் லாரி ஆலையின் அசெம்பிளி லைனில், பொருளாதார ஆய்வாளர்கள் ஆக்செல் போர்ஷ்-சூப்பானும் மத்தியாஸ் வைஸும் தவறுகளை எண்ணிப் பார்த்தார்கள். மூத்தவர்கள் சின்னத் தவறுகள் கொஞ்சம் கூடுதலாகச் செய்தார்கள், ஆனால் பெரிய தவறுகள் மிகக் குறைவு. 60 வயது வரை உற்பத்தித் திறன் இறங்கவில்லை என்பது அவர்களின் முடிவு. வேலை எங்கே கெடும் என்று முன்கூட்டியே தெரிவதால் நெருக்கடியில் பதறாமல் இருக்கிறார்கள். பட்டறையில் இதை நாம் தினமும் பார்க்கிறோம்.

படி 8: பேச்சு வார்த்தை

27 வயது டிப்ளமோ சூப்பர்வைசர், 59 வயது டர்னர். இங்கேதான் பல ஏற்பாடுகள் உடைகின்றன. சூப்பர்வைசருக்கு ஒன்றே ஒன்று சொல்லுங்கள்: என்ன வேண்டும், எப்போது வேண்டும் என்பதை நீ சொல், எப்படிச் செய்வது என்பதை அவரிடம் விடு. "அண்ணா, இந்த லாட் வியாழக்கிழமை போகணும், எப்படி ஏத்தலாம்னு நீங்களே பாருங்க" என்றால் வேலை நடக்கும். பையன்கள் முன்னால் குரலை உயர்த்தினால் அன்றோடு முடிந்தது.

மறுபக்கமும் உண்டு. சில பெரியவர்கள் புதிய முறை எதையும் உள்ளே விடமாட்டார்கள், இளையவரைத் திட்டி ஓட வைப்பார்கள், சாவியைத் தன் பாக்கெட்டிலேயே வைத்திருப்பார்கள். வயதுக்காக இதைப் பொறுத்துப் போக வேண்டியதில்லை. தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள், மாறாவிட்டால் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காதீர்கள். இவர் தொடர்கிறார் என்பதற்காக, அவருக்குக் கீழே பத்து வருடமாகக் காத்திருப்பவரின் பதவி உயர்வையும் நிறுத்திவிடாதீர்கள். பதவி காத்திருப்பவருக்கே போகட்டும், பெரியவருக்கு ரேட்டும் மரியாதையும் இருந்தால் போதும்.

பார்வை குறைந்தவரை கிரேனிலோ ஃபோர்க்லிஃப்ட்டிலோ விடக் கூடாது, அவர் எத்தனை கெஞ்சினாலும். அதற்கு டாக்டர் சொல்லட்டும், நீங்கள் சொல்லாதீர்கள்.

படி 9: ஆறு மாதத்துக்கு ஒருமுறை

நான்கு விஷயத்தை மட்டும் குறித்து வாருங்கள்: அந்த செக்ஷனில் ரிஜெக்ஷன் எத்தனை, ஒரு ஜாப்பை செட் பண்ண எவ்வளவு நேரம், லீவு எத்தனை நாள், பையன் தனியாகச் செய்யும் ஜாப்கள் எத்தனை. முதல் மூன்று மாதத்தில் எண்கள் மோசமாகக்கூடத் தெரியலாம், பையன் கற்றுக்கொண்டிருக்கிறான் அல்லவா. ஆறாவது மாதம் பாருங்கள்.

அதே நாளில் பெரியவரிடமும் கேளுங்கள். நேரம் சரியாக இருக்கிறதா, இன்னும் குறைக்க வேண்டுமா, உடம்பு எப்படி, சொல்லித்தர இன்னும் என்ன பாக்கி. குறைக்கச் சொன்னால் குறையுங்கள். வாரம் ஒரு நாள் மட்டும் வருகிறேன் என்றாலும் அந்த ஒரு நாளுக்குக் கஷ்டமான ஜாப்களை எடுத்து வையுங்கள்.

பி.எஃப். பென்ஷன் வாங்க ஆரம்பித்தவர் வருடத்துக்கு ஒருமுறை உயிர்வாழ் சான்று கொடுக்க வேண்டும், கொடுத்த நாளிலிருந்து பன்னிரண்டு மாதம் செல்லும். பேங்கிலோ போஸ்ட் ஆபீசிலோ கொடுக்கலாம், போனில் முகத்தைக் காட்டியும் செய்யலாம். தேய்ந்த கைரேகை மெஷினில் பதியாது என்பதால் லேத் தொழிலாளிகளுக்கு முகம் காட்டும் முறைதான் வசதி. உங்கள் கணக்கரை உட்கார வைத்து ஆபீசிலேயே முடித்துக் கொடுங்கள், அரை நாள் சம்பளத்தைப் பிடிக்காதீர்கள்.